சாரம்மா பதினாறு வருஷம் மூடிய பெட்டி

சாரம்மாவுக்கு இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு, அதுவும் அசையாது. மற்ற நான்கும் அவளுடைய இருபத்துநாலாவது வயதில், மாமனாரின் ரப்பர் கொட்டகையில், ஷீட் அடிக்கும் இரும்பு உருளைகளுக்கு நடுவே போய்விட்டன. மழை வரும்போல இருந்தது, முப்பது ஷீட் பாக்கி இருந்தது, அவசரப்பட்டாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது துருவினால், "மெஷின் கேட்டுச்சு, குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

கொட்டகை வேலை போனபிறகு மூன்று வருஷம் வீட்டில் கிடந்தாள். கணவன் பாப்பச்சன் விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவான். நாலு வயது மகள் ஜின்சியை ஒற்றைக் கையால் குளிப்பாட்டப் பழகியவளுக்கு, ஒற்றைக் கையால் டைப் அடிக்கவும் பழகலாம் என்று ஒருநாள் தோன்றியது. காஞ்சிரப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுதாகரன் என்ற வாலிபன் நாலு கம்ப்யூட்டரை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். அங்கே போய்ச் சேர்ந்தாள். ஏழு மாசத்தில் மலையாளம் அடிக்கக் கற்றுக்கொண்டு, பத்திரம் எழுதும் குருவிளா சாரின் ஆபீஸில் வேலைக்கு அமர்ந்தாள். அந்த நாற்காலியிலேயே நாற்பத்துநாலு வயதும் ஆகிவிட்டது.

மலையாள எழுத்துப் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு எழுத்து. கீழ் எழுத்து தட்டினால் வந்துவிடும். மேல் எழுத்து வேண்டுமென்றால் ஒரு கையால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்ட வேண்டும். 'அ' முதலான உயிரெழுத்துகள் எல்லாமே மேலே. அழுத்தி உச்சரிக்கும் மெய்களும் பெரும்பாலும் மேலே. பத்திரத்துக்கு அந்த ஊரில் 'ஆதாரம்' என்று பெயர்; அந்த ஒரு சொல்லுக்கே, 'ஆ'வுக்கும் அழுத்திச் சொல்லும் 'தா'வுக்குமாக, இரண்டு முறை ஷிஃப்ட் வேண்டும். ஒரு பத்திரத்தில் அந்தச் சொல் நாற்பது தடவையாவது வரும்.

இரண்டு கைக்காரர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. சாரம்மா இடது முன்கையில் தோல் பட்டை ஒன்றைத் தைத்துக் கட்டி, அதில் பேனா மூடி ஒன்றைச் செருகிக்கொள்வாள். அந்த மூடியின் முனையால் ஷிஃப்டைக் குத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடிப்பாள். குத்துவதற்குத் தோளை உயர்த்தி முழங்கையை வெளியே விரித்து வைக்க வேண்டும். "சாரம்மே, பறக்கப் போறியா?" என்று குருவிளா சார் முதல் வருஷத்தில் கேட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் அவருக்கும் பழகிவிட்டது. நாளெல்லாம் அப்படியே தூக்கிவைத்த தோள் ஒருநாள் இறங்க மறுத்தது. டாக்டர் அதற்கு ஏதோ பெயர் சொன்னார். சாரம்மா இடுப்பைத் தொட்ட கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். பின்னுவதற்குக் கை எட்டவில்லை.

மூடி சில நேரம் வழுக்கும். மறுபடி குத்துவாள், அது மறுபடி வழுக்கும். அப்படி ஐந்து தடவை சேர்ந்தாற்போல ஷிஃப்ட் மட்டும் அமுங்கினால் கம்ப்யூட்டர் 'டுய்ங்' என்று ஒரு சத்தம் போடும், திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். உள்ளே நாலைந்து வரி இங்கிலீஷ், கீழே இரண்டு பொத்தான். முதல்முறை அது வந்தபோது வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பா அமுக்கினா அப்படித்தான் வரும் சேச்சி," என்றான் சுதாகரன். "நோ குடுத்து மூடிடுங்க. தெரியாம எஸ் குடுத்துட்டீங்கன்னா கீபோர்டே கிறுக்குப் பிடிச்சுப் போயிடும்."

அன்றிலிருந்து அவள் மூடிக்கொண்டே இருந்தாள். ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பொத்தானில் 'கான்சல்' என்று இருந்தது, புதியதில் 'நோ' என்று மாறியது. அவ்வளவுதான் அவள் கவனித்தது. நாளுக்கு ஐந்தாறு முறை வரும். வரும்போதெல்லாம் அவள் காது சூடாகும். கை சரியில்லாதவள் என்று கண்டுபிடித்து மெஷின் தன்னைத் திட்டுகிறது என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆடி மாசத்து மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வாசவன் என்பவர் தம்பியோடு பாகப் பத்திரம் எழுத வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒருகாலத்தில் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். கம்பத்திலேயே மின்சாரம் தாக்கி, இரண்டு கைவிரல்களும் உள்ளே மடங்கிப் பறவைக்கால் மாதிரி ஆகிவிட்டிருந்தன. எல்லை அளவுகள் தப்பிப்போகக் கூடாது என்று சாரம்மாவின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். தம்பி வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்கே ஓடை, தெற்கே பஞ்சாயத்து வழி என்று அடித்துக்கொண்டு போகையில் பேனா மூடி வழுக்கியது. டுய்ங். சாரம்மா ஈயை விரட்டுவதுபோலச் சட்டென்று அதை மூடினாள்.

"ஏன் மூடினீங்க?" என்றார் வாசவன்.

"அது அப்பப்ப வரும் சேட்டா. தப்பா அமுக்கினா ஏசும்."

வாசவன் சிரித்தார். கேலி என்று நினைத்துத்தான் சிரித்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்து, அவருடையதும் போய்விட்டது. அவள் முன்கையில் கட்டியிருந்த பட்டையையும் மூடியையும் இப்போதுதான் உற்றுப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இதைக் கட்டிட்டு அடிக்கிறீங்க?"

"பதினாறு இருக்கும்."

"அந்தப் பெட்டியை மறுபடி வரவைங்க பார்ப்போம்."

"எதுக்கு சேட்டா? வேலை கிடக்குது."

"வரவைங்க."

அவள் ஷிஃப்டை ஐந்துமுறை குத்தினாள். தானாக வருவதை வேண்டுமென்றே அழைப்பது அதுதான் முதல் தடவை. பெட்டி வந்தது. வாசவன் மடங்கிய விரலின் முட்டியைத் திரையில் வைத்து ஒவ்வொரு சொல்லாகக் காட்டிப் படித்து, மலையாளத்தில் சொன்னார்.

"ஒட்டிக்கிற விசை வேணுமான்னு கேட்குது. ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டே இன்னொண்ணை அமுக்க முடியாதவங்களுக்கு இது. வேணும்னா எஸ், வேண்டாம்னா நோ. இவ்வளவுதான் எழுதியிருக்கு."

சாரம்மாவுக்கு விளங்கவில்லை. "பிடிச்சுக்காம எப்படி மேல் எழுத்து வரும்?"

"எஸ் குடுங்க. ஷிஃப்டை ஒரு தடவை தொட்டுட்டு விட்டுடுங்க. விட்டுடணும். அப்புறம் எழுத்தைத் தட்டுங்க."

அவள் குருவிளா சார் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு எஸ் கொடுத்தாள். வலது கை விரலாலேயே ஷிஃப்டைத் தொட்டாள். எடுத்தாள். வேறெதுவும் அழுந்தியிருக்கவில்லை. எழுத்தைத் தட்டினாள். திரையில் 'ஆ' வந்து நின்றது.

அடுத்த எழுத்து. மறுபடி ஷிஃப்ட், தொட்டு விட்டு, எழுத்து. ஒற்றைக் கையால் 'ஆதாரம்' என்று முழுசாக வந்துவிட்டது. இடது கை மடியில் கிடந்தது. தோள் தாழ்ந்திருந்தது. வேலை செய்யும்போது தோள் தாழ்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வாசவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு ஆஸ்பத்திரியிலேயே, கட்டுப் பிரிச்ச பன்னிரண்டாம் நாள், கைப்பயிற்சி கொடுக்க வந்த பொண்ணு இதைப் போட்டுக் கொடுத்துட்டா. அஞ்சு நிமிஷ வேலை," என்றார். அஞ்சு நிமிஷம் என்பது மட்டும் சாரம்மாவின் காதில் விழுந்தது.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். அழுகை வரவில்லை. பேய் அறைந்தவள்போல நின்றாள். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தபிறகுதான் குழாயை மூடினாள்.

அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரு பரீட்சை அறை. முப்பத்திமூன்று வயதில், அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்கான வேகத் தேர்வு. முதல் தடவை எழுதியபோது பதினொரு சொல் குறைந்து போயிருந்தது. ராப்பகலாகப் பழகி இரண்டாம் தடவை போனாள். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை பெட்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுத்தை விட்டுவிட்டு, மவுஸைப் பிடித்து, அம்பை நகர்த்தி, மூட வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அம்பு எங்கோ ஓடியது. மேற்பார்வைக்கு நின்றவர் பரிவோடுதான் சொன்னார்: "நோ குடுத்துட்டு எழுதும்மா, நேரம் போகுது." நாலு சொல்லில் தோற்றாள். இப்போது அந்தத் தேர்வை எழுத வயசு தாண்டிவிட்டது.

பரீட்சைக்கு நடுவே வந்து, உனக்கு ஒரு கைதானே, உதவி வேண்டுமா என்று அது மூன்று தடவை கேட்டிருக்கிறது. மூன்று தடவையும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வந்தபோது வாசவன் பயந்து போயிருந்தார். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லை சேட்டா. தெற்கே பஞ்சாயத்து வழி. அதுக்கு அப்புறம் சொல்லுங்க," என்றாள். மீதிப் பத்திரத்தை அடித்து முடித்தாள். பட்டையைக் கழற்றவில்லை. கழற்றலாம் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் பாப்பச்சன் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்திருந்தான். அவள் முன்னால் தட்டு ஆறிப்போனது.

"ஏடி, உடம்பு சரியில்லையா?"

சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். "நல்ல விஷயம்தானே? இனிமே தோள் வலிக்காதே," என்றான்.

"நல்ல விஷயமா?"

"பின்னே?"

பரீட்சையில் மூன்று தடவை வந்ததைச் சொன்னாள். பாப்பச்சன் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் தடவை தோற்று அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது குடையோடு காத்து நின்றவன் அவன்தான். "அது எந்த மொழியில கேட்டுச்சு?" என்றான்.

"இங்கிலீஷ்ல."

"அப்ப உன்கிட்ட கேட்கலை," என்றான்.

ஆறுதலுக்காகச் சொன்னான். ஆனால் சாரம்மா பத்தாம் வகுப்பு தேறியவள். எழுத்துக் கூட்டினால் இங்கிலீஷ் வரும். பதினாறு வருஷத்தில் ஒருநாள் அந்த நாலு வரியை எழுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

ஐதராபாத்தில் நர்ஸாக இருக்கும் ஜின்சி வழக்கம்போல ஏழரைக்குப் போன் செய்தாள். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஸ்டிக்கி கீஸா? அது எல்லா மெஷின்லயும் இருக்கே அம்மா."

"உனக்குத் தெரியுமா?"

"இருக்குன்னு தெரியும். காலேஜ்ல கேம் ஆடுறப்ப குறுக்க வந்து தொலைக்கும். அதை வராமலே பண்ணிடுவோம்."

சொன்னபிறகுதான் ஜின்சிக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அம்மா. உனக்கு வேணும்னு எனக்குத் தோணவே இல்லையே அம்மா," என்றாள். "நீ அந்த மூடியை வெச்சு அடிக்கிறதை நான் நினைவு தெரிஞ்சதுலேர்ந்து பார்க்கிறேன். அது உன் கைன்னே நினைச்சிட்டேன்."

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து ஷிஃப்டைத் தொட்டு விட்டு எழுத்தைத் தட்டினாள். கீழ் எழுத்துதான் வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் கீழ் எழுத்து. நேற்று நடந்தது பிரமையா என்றுகூட நினைத்தாள்.

குருவிளா சாரிடம் கேட்டாள். "சார், இதைத் தொட்டீங்களா?"

"காலைல ஒரு லெட்டர் அடிச்சேன். ஏன், இப்ப மெஷின் உன் பேர்ல பதிவாகியிருக்கா?"

வாசவனுக்குப் போன் போட்டாள். அவர் கேட்டதும் புரிந்துகொண்டார். "ரெண்டு கைக்காரங்க யாராவது ரெண்டு விசையைச் சேர்த்து அமுக்கினா அது தானா அணைஞ்சுபோகும். செட்டிங்ஸ்குள்ள போய் அந்த இடத்துல இருக்கிற டிக்கை எடுத்துவிடுங்க. அப்புறம் அணையாது." வழியை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பத்திரக் காகிதத்தின் பின்புறம் எழுதிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் திறந்தபோது சாரம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். ஒன்று என்று நினைத்துத்தான் உள்ளே போனாள். அங்கே வரிசையாக இருந்தன. விரல் நடுங்குகிறவர்களுக்கு, ஒரே எழுத்தை அடுத்தடுத்துத் தொட்டாலும் ஒன்றாக மட்டும் எடுத்துக்கொள்ளும் அமைப்பு. கை தவறி வேறு விசையில் பட்டால் அதைக் கணக்கில் எடுக்காமல், அழுத்திப் பிடித்ததை மட்டும் எழுதும் அமைப்பு. இங்கிலீஷில் பெரிய எழுத்துக்கான விசை அமுங்கியிருக்கிறதா என்று சத்தத்தால் சொல்லும் அமைப்பு. மவுஸே தொடாமல் எண் விசைகளால் அம்பை நகர்த்தும் அமைப்பு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அதைப் படித்தாள். மூன்று பத்திரம் காத்துக் கிடந்தது. குருவிளா சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், மூன்றாம் தடவை வந்து அவள் பின்னால் நின்று தானும் படித்தார்.

"இவ்வளவும் இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்துச்சா?"

"ஆமா சார்."

"நீயும் நானும் இந்த ரூம்லயேதானே இருந்தோம்," என்றார்.

ஒரு அமைப்பில் அவள் நின்றுவிட்டாள். வலது பக்கத்து ஷிஃப்டை எட்டு விநாடி தொடர்ந்து பிடித்திருந்தால், நடுங்கும் கைகளுக்கான உதவியைக் கேட்டு இன்னொரு பெட்டி வருமாம். அதுவும் அவளுக்குத் தெரிந்த பெட்டிதான். தோள் வலி தாங்காத நாட்களில் அந்த வலது ஷிஃப்ட் மேல் ஒரு முத்திரைக் கட்டையைச் சாய்த்து வைப்பாள். அப்போதெல்லாம் அது வேறொரு சத்தத்தோடு வந்து நின்றிருக்கிறது. அதையும் மூடியிருக்கிறாள். பயந்துபோய்க் கட்டை வைப்பதையே விட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் அவள் சுதாகரனைத் தேடிப் போனாள். வகுப்பு எப்போதோ நின்றுபோய், அது விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்கும் கடையாக மாறியிருந்தது. ஒன்பது கம்ப்யூட்டர், சுவரெல்லாம் அறிவிப்புகள். சுதாகரனுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது.

"வாங்க சேச்சி. ஜின்சி எப்படி இருக்கா?"

அவள் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஷிஃப்ட் பற்றிப் பெட்டி வந்தால் நோ அழுத்தவும். எஸ் அழுத்தக் கூடாது. மீறி அழுத்தினால் ஊழியரை அழைக்கவும்.' பழுத்துப்போன தாள். பல வருஷமாக அங்கே இருப்பது தெரிந்தது.

"இதை எழுதினது நீயா சுதாகரா?"

"அதா? ஆமா. இப்ப அது தேவையே இல்லை, எல்லா மெஷின்லயும் அந்தப் பெட்டி வராத மாதிரி பண்ணிட்டேன். அடிக்கடி வந்து தொல்லை பண்ணுச்சு."

"எனக்கு நோ அமுக்கச் சொல்லிக் குடுத்ததும் நீதான். ஞாபகம் இருக்கா?"

"நானா?" சுதாகரன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "சொல்லியிருப்பேன் சேச்சி. எத்தனை பேருக்குச் சொன்னேனோ."

வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் அவளுக்கு அங்கேயே சிதறிப்போயின. அவள் வாழ்க்கையில் பதினாறு வருஷத்தைத் தீர்மானித்த ஒரு பேச்சு, சொன்னவனுக்கு ஞாபகம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும்.

அந்த நேரத்தில் மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மேஜையை லேசாகத் தட்டினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டு கையும் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. "சுதாகரா, மறுபடியும் தப்புன்னு சொல்லுது. இன்னும் ஒரு தடவைதான் விடுமாம். அப்புறம் பூட்டிடுமாம்."

"சார், நான் அடிச்சுத் தரேன்னு சொன்னா கேட்க மாட்டேங்கறீங்க. பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதானே அங்கே எழுதி ஒட்டியிருக்கே," என்றார் ஆசிரியர். அடுத்த நாற்காலிக்காரர் சிரித்தார்.

சாரம்மா போய் அவர் பக்கத்தில் நின்றாள். கடவுச்சொல் புள்ளி புள்ளியாக மறைந்து வருவதால், என்ன அடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. விரல் நடுக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்றாக விழுந்துகொண்டிருந்தது. "சார், ஒரு நிமிஷம் நான் இதைத் தொடட்டுமா? பாஸ்வேர்டை நீங்களேதான் அடிக்கப்போறீங்க."

செட்டிங்ஸைத் திறந்தாள். ஒரே எழுத்து அடுத்தடுத்து விழுந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் அமைப்பைப் போட்டாள். வேறொரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அவர் பெயரை அடித்துப் பார்க்கச் சொன்னாள். ஆசிரியரின் விரல் விசைமேல் படபடவென்று அடித்தது. திரையில் எழுத்து ஒன்றே ஒன்று விழுந்தது. அவர் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. திரையில் பெயர் நேராக இருந்தது.

"இது நான் அடிச்சதா?"

"நீங்கதான் சார்."

கடைசி வாய்ப்பில் கடவுச்சொல்லை அடித்தார். திறந்தது. ஆசிரியர் சுதாகரன் பக்கம் திரும்பி, "மூணு வருஷமா உன்கிட்ட வர்றேனேடா," என்றார். திட்டுகிற குரலில்லை. அதனால்தான் சுதாகரனின் முகம் வெளிறிப்போனது.

அவன் சாரம்மாவிடம் வந்தான். "சேச்சி, சத்தியமா சொல்றேன், அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் படிச்சதே இல்லை. எனக்குக் கத்துக் குடுத்தவர் நோ அமுக்குன்னு சொன்னாரு. நான் அதைச் சொன்னேன்."

"உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே."

"வரும். படிக்கலை." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு உங்களை எஸ் குடுக்கச் சொல்லியிருந்தா..."

"அதை முடிக்காதே," என்றாள் சாரம்மா.

அவன் அந்தத் தாளைக் கிழித்தான். ஒன்பது கம்ப்யூட்டரிலும் பெட்டி மறுபடி வருகிற மாதிரி இருவரும் உட்கார்ந்து மாற்றினார்கள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவன் கொடுத்த சாயாவைக் குடித்தாள், அவ்வளவு சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஆன மாற்றம் பெரிசு என்றும் சொல்லலாம், ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். ஒரு நாள் முழுக்க எடுத்த பத்திரத்தை மத்தியானத்துக்குள் அடித்துவிடுகிறாள். தோள் பழையபடி திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயசு வரம்பும் அவளுக்காகத் திரும்பப் போவதில்லை. சில நாள் நடு வேலையில் கை நின்றுவிடும். மூன்று தடவை கேட்டதே என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பாள். அந்த நேரத்தில் குருவிளா சார் அவளைக் கூப்பிடுவதில்லை.

பாகப் பத்திரம் பதிவாகும் நாளில் வாசவன் வந்தார். தம்பி முத்திரை வேலையாக வெளியே போயிருந்தான். சாரம்மா அவரிடம் அந்த மத்தியானம் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, எண் விசையால் அம்பை நகர்த்துவதையும் சொன்னாள்.

வாசவன் குறுக்கிட்டார். "என்ன சொன்னீங்க?"

"மவுஸ் வேண்டாம் சேட்டா. நாலை அமுக்கினா இடது பக்கம் போகும், ஆறை அமுக்கினா வலது பக்கம். அஞ்சுல கிளிக் ஆகும்."

"எதுல இருக்கு அது?"

"ஒட்டிக்கிற விசைக்கு ரெண்டு வரி கீழே. நீங்க எனக்குக் காட்டினீங்களே, அதே பக்கம்தான்."

வாசவன் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணு காட்டினதோட நிறுத்திட்டேன். கீழே போய்ப் பார்க்கலை," என்றார் மெதுவாக. "மவுஸை இந்த ரெண்டு கைக்கும் நடுவுல இடுக்கித்தான் நகர்த்துவேன். கிளிக் பண்ண மருமகளைக் கூப்பிடுவேன். ஒன்பது வருஷமா. அவ சமையல்ல இருந்து ஓடி வருவா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கையில், அன்று குழாயடியில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சாரம்மாவுக்குத் தெரிந்தது. செட்டிங்ஸைத் திறந்து அதைப் போட்டாள். நாற்காலியை விட்டு எழுந்து அவரை அங்கே உட்காரவைத்தாள்.

வாசவன் மடங்கிய விரல் முட்டியை ஆறின்மேல் வைத்தார். அம்பு அசைந்தது. மெதுவாக, திரையின் இடது ஓரத்திலிருந்து வலது பக்கமாக நகரத் தொடங்கியது. பதிவுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி வாசலிலிருந்து குரல் கொடுத்தான். அவர் திரும்பவில்லை.